தொண்ணூத்தஞ்சு

அந்த வீட்டின் முன்னறையில் உட்கார ஒரு சோபா கிடையாது. கல்யாணமான புதிதில் வாங்கலாம் என்று பேச்சு எழுந்தது. அதற்குள் மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. வந்த வண்டி தெருவோரம் நின்றிருந்தால் யாருக்கும் வருத்தமில்லை. வீட்டுக்காரரான லிஃப்ட்காரர் வாசல் படியில் பலகையைச் சாய்த்து அதை உள்ளே உருட்டிக்கொண்டு வந்து, ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து நிறுத்தினார். அடியில் அட்டை. மேலே, அவர் மனைவி தாய்வீட்டிலிருந்து கொண்டு வந்த கனமான போர்வை. விருந்தாளிகள் வண்டியைச் சுற்றிக்கொண்டு போய்ச் சமையலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டும்.

"இந்த வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளை இவருதானா?" என்று வந்தவர் ஒருவர் வண்டியைக் காட்டிக் கேலி செய்தார். லிஃப்ட்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. போர்வையின் ஓரத்தில் கிரீஸ் பட்டிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊரிலுள்ள மாடிக் கட்டடங்களின் லிஃப்டுகளைப் பழுது பார்ப்பது அவர் தொழில். கூண்டின் தலைமேல் ஏறி உட்கார்ந்து, இருட்டில் காதைத் தீட்டிக்கொண்டு, கப்பியில் வடம் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட காது. மனுஷர் பேச்சு மட்டும் அதில் ஏறாது. "மாவு தீந்துடுச்சு" என்று அவள் சொன்னால் மறுநாள் "என்ன சொன்னே?" என்பார். பக்கத்துத் தெருவில் யாரோ வண்டியை உதைத்தால், கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு, "டேப்பெட் லூசு" என்று அதன் கோளாறைச் சொல்வார்.

பகலெல்லாம் கட்டட மேனேஜர்களிடம் திட்டு வாங்குகிற மனிதர். லிஃப்ட் நின்றால் அவரைத் திட்டுவார்கள், ஓடினால் அவரை யாரும் நினைக்கமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவருக்கு மரியாதை. தொழில்காரர்கள் நாலைந்து பேர் வண்டிகளோடு பெரிய பாலத்தடியில் கூடுவார்கள். மேட்டில் யார் முதலில் ஏறுகிறார் என்று பந்தயம். அதில் ஜெயிப்பதற்காக, ஊரின் மறுகோடியில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக்கைப் பிடித்து, இன்ஜினின் பிஸ்டனையே மாற்றிப் போட்டுவிட்டார். வெளியே பார்த்தால் அதே வண்டி. உள்ளே வேறு நெஞ்சு. அன்றிலிருந்து தெருமுனை பங்கில் அந்த வண்டி பெட்ரோல் போட்டதே இல்லை. டேங்கில் சொட்டு மிச்சமிருக்கும்போதே ஊரைக் கடந்து, மெக்கானிக் பட்டறைக்குப் பக்கத்திலிருந்த பெரிய பங்குக்குப் போய்த்தான் நிரப்புவார். அது ஏன் என்று அவள் கேட்டதில்லை. சில பேருக்குக் குறிப்பிட்ட கடை காப்பித் தூள்தான் வேண்டும், அந்த மாதிரி ஒரு கிறுக்கு என்று விட்டுவிட்டாள்.

விடமுடியாத ஒன்றும் நடந்தது.

மகளுக்குப் பிறகு வயிற்றில் இரண்டாவது தங்கியிருந்தது. வெளியே தெரிகிற அளவுக்கு வளர்ந்துவிட்ட குழந்தை. ஒரு மத்தியானம் துணி பிழிந்துகொண்டிருந்தவளுக்கு அடிவயிற்றைப் பிடுங்கியது. கொஞ்ச நேரத்தில் ரத்தம். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, "ஆஸ்பத்திரிக்குப் போயிடலாங்க" என்றாள். அவர் உடனே வண்டியை எடுத்தார். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் டேங்கில் சொட்டுதான் மிச்சமிருந்தது. தெருமுனையில் பங்க் இருந்தது. ஆளே இல்லாத பங்க். அதைத் தாண்டிப் போனார்.

"இங்கயே போட்டுக்கலாமே," என்றாள், முதுகில் முகத்தைப் பதித்துக்கொண்டு.

"இது ஆகாது. இன்ஜின் போயிடும்."

பெரிய பங்கில் வரிசை நின்றது. முன்னால் ஒரு வேன், அதற்கு முன்னால் யாரோ சில்லறைக்குச் சண்டை. பின் சீட்டில் குனிந்து உட்கார்ந்திருந்தவளின் கால் வழியாக இறங்கிய ஈரம் செருப்பை நனைத்தது. "வலிக்குதுங்க," என்றாள். "ஆச்சு, ஆச்சு," என்றார், முன்னாலிருந்த வேனைப் பார்த்தபடி. ஆஸ்பத்திரியில் குழந்தை தக்கவில்லை. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் தக்கியிருக்குமா என்று டாக்டர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்டால் இரண்டில் ஒரு பதில் வரும். இரண்டில் எது வந்தாலும் அதை வைத்துக்கொண்டு அந்த மனிதரோடு ஒரே வீட்டில் எப்படிக் குடித்தனம் பண்ணுவது?

கேட்காமலே வருஷங்கள் ஓடின. மகள் படித்து, வேலை கிடைத்து, கல்யாணமாகி வெளியூர் போனாள்.

ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில், மோட்டார் அறைக்குள் லிஃப்ட்காரர் விழுந்து கிடந்தார். பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே அடியில் போயின. வாயில் மிஞ்சிய சொற்களை விரல் விட்டு எண்ணலாம்: 'இல்ல', 'போ', ஒரு கெட்ட வார்த்தை. தண்ணீர் வேண்டுமானாலும் 'இல்ல'தான், வேண்டாமென்றாலும் 'இல்ல'தான். முன்னறையில் வண்டிக்குப் பக்கத்தில் இடம் பண்ணி அவருக்குக் கட்டில் போட்டார்கள்.

அவருடைய அக்கா தினமும் மத்தியானம் வந்து கட்டிலருகே உட்கார்ந்து கண்ணைக் கசக்குவாள். "ராஜா மாதிரி திரிஞ்சவன். கண்ணு பட்டுடுச்சு." பிறகு இவள் பக்கம் திரும்பி, "நீ கொஞ்சம் நல்லா பாத்துக்கம்மா," என்பாள், இவள் ஏதோ கெடுதலாகப் பார்த்துக்கொள்வது போல. "சரி அண்ணி," என்று இவள் அவர் வாயைத் துடைப்பாள்.

அவள் வேலை செய்தது பல் செட் செய்கிற ஒரு லேப்பில். டாக்டர்கள் நோயாளிகளின் வாயிலிருந்து எடுத்தனுப்பும் அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றி, காய்ந்ததும் ஓரம் சீவுகிற வேலை. சாயங்காலம் வெளியே வரும்போது தலைமயிர், புருவம், மூக்குத் துவாரம் எல்லாம் வெள்ளைப் பொடியாக இருக்கும். அந்தச் சமயத்தில், பல் செட்டுகளை டாக்டர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்து அச்சுகளை வாங்கி வருகிற ஆள் வேறு வேலை கிடைத்துப் போவதாகச் சொன்னான். லேப்காரர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"வண்டி இருந்தா நான் போறேன் சார்," என்று அவள் சொன்னது அவளுக்கே ஆச்சரியம்.

"உன்கிட்ட ஏதும்மா வண்டி?"

"இருக்கு."

வேலையை விட்டுப் போகிறவனே லேப்புக்குப் பின்னாலிருந்த காலி மனையில் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தான். வண்டியை வீட்டிலிருந்து இறக்குகிற அன்று அவர் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். போர்வையை எடுத்தாள். "இல்ல, இல்ல, இல்ல," என்றார். "வீடு நடக்கணுமில்லங்க," என்று சொல்லி ஸ்டாண்டைத் தட்டினாள். அத்தனை வருஷமும் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து போனவள். முன் சீட்டு எவ்வளவு அகலம் என்றே அன்றுதான் தெரிந்தது.

நாலு தடவை கீழே போட்டாள். முழங்கால் சிராய்த்தது. அப்புறம் பிடிபட்டுவிட்டது.

அந்த மாதங்களைப் பற்றி அவள் பிற்காலத்தில் யாரிடமும் பேசியதில்லை. பேசியிருந்தால் முகம் காட்டிக் கொடுத்திருக்கும். காலையில் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டால் ஊரில் ஒரு தெரு பாக்கியில்லை. பல் டாக்டர்களின் கிளினிக்குகளில் முன்மேஜைப் பெண்கள் அவள் ஹெல்மெட்டைக் கழற்றும் முன்னே, "பல்லக்கா வந்தாச்சு!" என்று குரல் கொடுப்பார்கள். பல் கொண்டு வருகிற அக்கா, பல்லக்கா. "பல்லக்குல வராம மோட்டார்ல வர்ற ஒரே பல்லக்கா நீங்கதான்," என்று ஒரு டாக்டர் சொல்லி, தன் நகைச்சுவைக்குத் தானே கண்ணில் நீர் வரச் சிரித்தார். பல் செட்டுக்காகக் காத்திருக்கும் கிழவர்கள் அவளைப் பார்த்ததும் பொக்கை வாயைத் திறந்து சிரிப்பார்கள். இத்தனை பேர் ஒரே நாளில் தன்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு அவளுக்குப் பழக்கமில்லை.

பெட்ரோல் தீர்ந்தபோது தெருமுனை பங்குக்குப் போனாள்.

"எது போடணும்?" என்று கேட்டாள் பங்குக்காரப் பெண். "இங்க தொண்ணூத்தொண்ணு நம்பர் பெட்ரோல்தான் இருக்கு. தொண்ணூத்தஞ்சு வேணும்னா பெரிய பங்குக்குப் போகணும்."

அவளுக்கு விளங்கவில்லை. டேங்க் மூடிக்குப் பக்கத்தில் கம்பெனி ஒட்டிய தாள் ஒன்று மங்கலாக இருந்தது. இருவரும் குனிந்து படித்தார்கள். தொண்ணூற்றொன்று அல்லது அதற்கு மேல், என்றிருந்தது.

"அப்ப இது போதும்கா. பெரிய நம்பர் போட்டா வண்டி பறக்கும்னு நெறைய பேரு நெனைக்கறாங்க. காசுதான் பறக்கும்."

நியாயமாகப் பட்டது. நிரப்பிக்கொண்டாள்.

அவர்கள் வீட்டுத் தெரு ஒரு மேடு. அன்று அதில் ஏறும்போது இன்ஜினுக்குள் ஏதோ சலசலத்தது, தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குவது போல. மேடு முடிந்ததும் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. உள்ளே வந்தால், கட்டிலில் அவர் எழுந்து உட்காரப் பார்த்து ஒருபக்கமாகச் சரிந்து கிடந்தார். முகமெல்லாம் வியர்வை.

"ஞ்சு," என்றார். "அஞ்சு. அஞ்சு!"

புதுச் சொல். அவள் பதறிப் போய், "என்னங்க அஞ்சு?" என்று கேட்டாள். "அஞ்சு! இல்ல! அஞ்சு!"

அஞ்சு மணிக்கு டீ கேட்கிறார் என்று நினைத்து மறுநாளிலிருந்து சரியாக அஞ்சு மணிக்கு டீ கொடுக்க ஏற்பாடு செய்தாள். அவர் டம்ளரைத் தட்டிவிட்டார். மாத்திரை நாலுதானே கொடுக்கிறோம், அஞ்சா என்று டாக்டரின் சீட்டைத் திரும்பப் பார்த்தாள். நாத்தனார் வேறு கதை கண்டுபிடித்தாள். "எங்களுக்கு ஒரு தம்பி இருந்தான். அஞ்சு வயசுல போயிட்டான். அவனைத்தான் கூப்பிடறான். என்ன பாசம் பாரு!" என்று மூக்கைச் சிந்தினாள். அவர் அக்காவைப் பார்த்து அந்தக் கெட்ட வார்த்தையைச் சொன்னார்.

தினமும் அவள் மேடு ஏறும் நேரத்தில்தான் அந்த 'அஞ்சு' கிளம்புகிறது என்று கொஞ்ச நாளில் கவனித்தாள். அந்தச் சலசலப்பும் குறைவதாக இல்லை. ஒரு விடுமுறை மத்தியானம் வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனாள்.

அவன் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "அண்ணி, என்ன பெட்ரோல் ஊத்தறீங்க?"

"தொண்ணூத்தொண்ணு. வண்டியிலயே போட்டிருக்கே தம்பி."

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அது கம்பெனி பிஸ்டனுக்கு அண்ணி. உள்ள இருக்கறது அண்ணன் மாத்தச் சொன்னது. இது பெட்ரோலை ரொம்ப இறுக்கி நசுக்கும். அந்த நம்பர்ங்கறது வேற ஒண்ணுமில்ல, நசுக்கினா எவ்வளவு தாங்கும்ங்கறதுக்கு ஒரு கணக்கு. தொண்ணூத்தொண்ணு இதுல தாங்காது. பொறி பத்தவெச்சு ஒழுங்கா எரியறதுக்குள்ள, மூலையில இருக்கறது நேரங்கெட்ட நேரத்துல தானா வெடிக்கும். நீங்க கேக்கற சத்தம் அதுதான். சுத்தியலால பிஸ்டன் தலையில அடிக்கற மாதிரி. சாதா வண்டிக்குத் தொண்ணூத்தஞ்சு ஊத்தறது தண்டம். இந்த வண்டிக்கு ஊத்தாம இருக்கறது கொலை."

தொண்ணூத்தஞ்சு. அஞ்சு. அவள் பட்டறை வாசலில் கிடந்த பழைய டயரின்மேல் உட்கார்ந்துவிட்டாள். எதிர்ப்பக்கம் பெரிய பங்க் தெரிந்தது. வரிசை நின்றது. எப்போதும் நிற்கும் போலிருக்கிறது.

"தம்பி, ஒரே ஒரு தடவை தொண்ணூத்தொண்ணு ஊத்தினா இன்ஜின் போயிடுமா?"

"சேச்சே. ஒரு தடவையில என்ன ஆகும்? அவசரத்துக்கு ஊத்திக்கிட்டு, முறுக்காம மெதுவா போனா ஒரு கேடும் கிடையாது. நாள்கணக்கா ஊத்தினாத்தான் தின்னும்."

"அவருக்கு இது தெரியுமா?"

"யாருக்கு, அண்ணனுக்கா?" மெக்கானிக் சிரித்தான். "எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவருதான்."

அவன் தன் போக்கில் சொல்லிக்கொண்டே போனான்: கம்பெனி பிஸ்டனையே திரும்பப் போட்டுவிடலாம், இல்லை வாரம் ஒருமுறை இந்தப் பக்கம் வந்து நிரப்பிக்கொள்ளலாம், எது சௌகரியமோ. "சரி தம்பி," என்று எழுந்தாள். அன்றைக்கு வேன் முன்னால் நின்றது, சில்லறைச் சண்டை நடந்தது, செருப்பு நனைந்தது. ஒரு தடவையில் என்ன ஆகும்? ஒன்றும் ஆகியிருக்காது. அது தெரிந்த மனிதர்தான் அந்த வரிசையில் நின்றார்.

பெரிய பங்கைத் தாண்டி ஓட்டிக்கொண்டு வந்தாள். தெருமுனை பங்கில் நிறுத்தி, "தொண்ணூத்தொண்ணு, ஃபுல் டேங்க்," என்றாள்.

வீட்டு மேட்டில் வழக்கமாக கியரைக் குறைத்துத்தான் ஏறுவாள். அன்று குறைக்கவில்லை. பெரிய கியரிலேயே வைத்து முறுக்கினாள். வண்டி திணறியது. சலசலப்பு தெருவெல்லாம் கேட்டது. ஜன்னலுக்குள்ளிருந்து "அஞ்சு! அஞ்சு!" என்று கத்தல். உள்ளே போய் ஹெல்மெட்டை ஆணியில் மாட்டினாள். முகம் கழுவினாள். அவருக்கு முதுகு துடைத்து, சட்டை மாற்றி, சோற்றைக் குழைத்து ஊட்டினாள்.

அப்படி ஒரு பருவம் முழுக்கப் போனது. காலையில் இறக்கத்தில் சத்தமில்லாமல் போவாள், மாலையில் குலுங்கக் குலுங்க ஏறுவாள். அவர் முதலில் கத்தினார். பிறகு கெஞ்சுவது போல் இடது கையை நீட்டினார். ஒருநாள் அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. குழந்தை போன அன்று அந்தக் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அவள் துண்டை எடுத்து அந்த நீரைத் துடைத்தாள். நன்றாக அழுத்தித் துடைத்தாள்.

சந்தோஷமாக இருந்ததா என்றால், இருந்தது. மேடு ஏறுகிற அந்தச் சில நொடி மட்டும். உச்சிக்கு வந்து இன்ஜின் அமைதியானதும் அவளுக்குள்ளும் ஏதோ காலியாகிவிடும். அடுத்த மாலைவரை அந்தக் காலியோடு இருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வாரா வாரம் வந்தாள். பேச்சு டீச்சர் என்றே எல்லோரும் சொன்னார்கள். பூ, பந்து, கப் என்று படங்களைக் காட்டிச் சொல்லச் சொல்லுவாள். அவர் ஒன்றையும் சொல்லமாட்டார். ஆனால் டீச்சர் ஒன்றைக் கண்டுபிடித்தாள்: அவருக்குச் சொல்ல ஏதோ ஒரு பெரிய சொல் இருக்கிறது, அதன் வால்தான் 'அஞ்சு'. தலை வரவில்லை. "விடாதீங்க சார், கொண்டு வந்துடலாம்," என்று அவர் தாடையைத் தடவிக்கொடுத்து, நாக்கை மடக்கச் சொல்லி, உதட்டைக் குவிக்கச் சொல்லிப் பாடாய்ப் பட்டாள். அவரும் பட்டார். வேறெதற்கும் அவர் அப்படி மெனக்கெட்டு யாரும் பார்த்ததில்லை. தலையணை நனைய நனைய வியர்த்துக்கொண்டு, "தொ… தொ…" என்று மணிக்கணக்கில் முட்டிக்கொண்டிருப்பார்.

ஒரு மத்தியானம் நாத்தனார் இருந்தாள். மகளும் போனில் முகம் காட்டிக்கொண்டிருந்தாள். டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ம், சொல்லுங்க," என்றாள். அவர் கண்ணை இறுக மூடினார். கழுத்து நரம்பு புடைத்தது.

"தொ… ண்ணூ… த்த… ஞ்சு."

டீச்சர் துள்ளிக் குதித்துக் கைதட்டினாள். நாத்தனார் ஓவென்று அழுதாள். போனிலிருந்து மகள், "அம்மா! அப்பா பேசிட்டாரும்மா! அம்மா, கேட்டியா?" என்று கூவினாள்.

"கேட்டேன்," என்றாள் அவள்.

அது என்ன கணக்கு என்று ஒருவருக்கும் புரியவில்லை. ஏதோ கட்டடத்தின் கதவு எண் என்றாள் நாத்தனார். வயதைச் சொல்கிறார், அத்தனை வயசு வரைக்கும் இருக்கப் போகிறார் என்றாள் மகள். "எதுவா இருந்தா என்ன? எத்தனை பெரிய சொல்லு!" என்றாள் டீச்சர். அவர் யாரையும் பார்க்கவில்லை. சமையலறை வாசலில் நின்ற மனைவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் போனபிறகு அவள் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"புரியாமத்தான் ஊத்தறேன்னு நெனச்சீங்களா?"

அவர் பார்த்தார்.

"எனக்கு எப்பவோ தெரியும். மெக்கானிக் தம்பி சொல்லிடுச்சு. ஒரு தடவை ஊத்தினா ஒண்ணும் ஆகாதுன்னும் சொல்லுச்சு." குரல் உயரவில்லை. "அந்தச் சத்தம் உங்களுக்கு உள்ளேருந்தே கேக்குது. எவ்வளவு தூரத்துல வந்தாலும் கேக்குது. அன்னிக்கு நான் உங்க முதுகுலதான சாஞ்சிருந்தேன்? வலிக்குதுன்னு சொன்னேனே, அது கேட்டுச்சா?"

அவர் வாய் கோணிக்கொண்டு அசைந்தது. ரொம்ப நேரம் அசைந்தது.

"இல்ல," என்றார்.

கேட்கவில்லை என்கிறாரா, கேட்டது என்கிறாரா, அப்படி இல்லை என்கிறாரா, தண்ணீர் கேட்கிறாரா? அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. அவள் தண்ணீர் கொடுத்தாள். குடித்தார்.

மறுநாளும் தெருமுனை பங்கில்தான் நிரப்பினாள். கோபத்தினால் என்று சொல்ல முடியாது. கோபம் அந்த 'இல்ல'வோடு எங்கோ போய்விட்டிருந்தது. ஊரைக் கடந்து அந்தப் பெரிய பங்கின் வரிசையில் போய் நிற்க மட்டும் அவளால் முடியவில்லை. பிஸ்டனை மாற்றிக்கொள்ளலாம் என்று மெக்கானிக் சொன்னதை நினைத்தாள். செய்யலாம், அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று தள்ளினாள்.

வெயில் காலம் வந்தது. ஒரு காலை, பெட்டி நிறையப் பல் செட்டுகளோடு பெரிய பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது வண்டி உள்ளிருந்து இழுத்துப் பிடித்தது போல் சோர்ந்தது. பின்னால் நீலப் புகை. முறுக்கினால் ஏறவில்லை. பிறகு ஒரு பெரிய சத்தம், அப்புறம் சத்தமே இல்லை. பாலத்தின் நடுமேட்டில், பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போக, அவள் இரண்டு கையாலும் வண்டியை உருட்டினாள். பல் செட்டுகள் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. கடைசி கிளினிக்கில், மகன் கல்யாணத்தில் நாலு பேரோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டிய ஒரு பெரியவர் பொக்கை வாயை மூடிக்கொண்டு காத்திருந்து காத்திருந்து எழுந்து போய்விட்டார் என்று அப்புறம் சொன்னார்கள்.

மெக்கானிக் இன்ஜினைப் பிரித்தான். பிஸ்டனின் தலை ஓரம் எலி கொறித்த ரொட்டி போல் இருந்தது. நடுவில் விரல் நுழைகிற ஓட்டை.

"நான்தான் சொன்னேனே அண்ணி. மறந்துட்டீங்களா?"

"மறக்கல," என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். சிலிண்டரின் உள்சுவரெல்லாம் கீறிக் கிடந்தது. சரிசெய்வதற்குப் பதில் வேறு வண்டியே வாங்கலாம் என்றான். உதிரி பாகங்களாகக் கழற்றி எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பட்டறையிலிருந்து வீட்டுக்கு பஸ்ஸில் வந்தாள். மேட்டில் நடந்து ஏறினாள்.

அவர் ஜன்னல் பக்கம் காதை வைத்துக்கொண்டு கிடந்தார். வாசலில் காலடிச் சத்தம் கேட்டதும் திரும்பினார்.

"வண்டி போயிடுச்சுங்க," என்றாள். "பிஸ்டன் ஓட்டையாயிடுச்சு."

கத்துவார், டம்ளரை விட்டெறிவார், அந்தக் கெட்ட வார்த்தையையாவது சொல்வார் என்று நின்றாள். நிற்கத் தயாராகத்தான் வந்திருந்தாள். அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவ்வளவுதான்.

லேப்காரர் கெட்டவர் இல்லை. ஆனாலும் பல் காத்திருக்காது. ஸ்கூட்டர் வைத்திருந்த வேறொருவனை அமர்த்திக்கொண்டார். அவள் திரும்பப் பிளாஸ்டர் மேஜைக்குப் போனாள். அவளே கொண்டு வந்து சேர்த்த அச்சுகளின் இடத்தில் இப்போது வேறொருவன் கொண்டு வருகிற அச்சுகள். தலைமயிரில் மறுபடி வெள்ளைப் பொடி. ஒருநாள் பஸ்ஸில், கிளினிக் முன்மேஜைப் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பல்லக்கா! எங்க ஆளையே காணோம்? இப்ப வர்றவரு வாயைத் தொறக்கறதே இல்லக்கா. வேற வண்டி வாங்கிட்டு வாங்களேன்."

"பாக்கலாம்மா," என்று சொல்லிவிட்டு, இறங்க வேண்டிய இடத்துக்கு முந்தின நிறுத்தத்திலேயே இறங்கிக்கொண்டாள்.

வண்டி போன நாளிலிருந்து அவர் பயிற்சி செய்யவில்லை. டீச்சர் வந்து படங்களைக் காட்டினாள், தாடையைத் தடவினாள், "சார், தொண்ணூத்தஞ்சு சொன்னவரு நீங்க!" என்று உற்சாகப்படுத்தினாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சில வாரத்தில் டீச்சர் வருவதை நிறுத்திக்கொண்டாள். "நல்லா வந்துக்கிட்டிருந்துச்சே, திடீர்னு என்னம்மா ஆச்சு? நீ சரியா ஊக்கம் கொடுக்கலையோ?" என்று மகள் போனில் கேட்டாள். "இருக்கும்," என்றாள் இவள்.

'இல்ல'வும் 'போ'வும்கூட அவரைவிட்டுப் போயின. எதையும் கேட்பதில்லை, எதையும் மறுப்பதில்லை. திருப்பிப் படுக்கவைத்தால் அப்படியே கிடப்பார். தெருவில் எந்த வண்டி எப்படிக் கதறிக்கொண்டு ஏறினாலும் அந்த முகத்தில் ஒரு அசைவு இருக்காது. நாத்தனார் அதைப் பார்த்து, "சாந்தமாயிட்டான்," என்றாள்.

ஒரு மாலை அவள் சோற்றில் வேண்டுமென்றே உப்புப் போடவில்லை. முகத்தைச் சுளிக்கட்டும், கையைத் தட்டிவிடட்டும் என்று நினைத்தாள். தட்டைக் கொண்டுவந்து வைத்து, முதல் வாயை நீட்டினாள். அவர் வாயைத் திறந்தார். மென்றார். விழுங்கினார். கண்கள் சுவரில் இருந்தன.

"உப்பு இல்லைங்க," என்றாள்.

அவர் மறுபடி வாயைத் திறந்தார். அவள் அடுத்த வாயை ஊட்டினாள்.